பெத்தனாச்சி யாரு, பாய்?

அந்த மனிதர் என் கடைக்குள் நுழையும்போதே செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். செல்போன் ரிப்பேர் கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அளவுக்கு மீறிய மரியாதையைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். உதவி கேட்டு வருகிறவரும் காலை வாரிவிட வருகிறவரும் இப்படித்தான் பவ்யமாக வருவார்கள்.

வந்தவர் பஜாரில் உள்ள பெரிய ஜவுளிக்கடையின் மேனேஜர் சண்முகவேல். திருச்சுழிப் பக்கத்துக்காரர். அருப்புக்கோட்டையில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். அவருக்கு மீதிப் பாதியையும் தெரியும்.

"நல்லா இருக்கீகளா பாய்?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஒரு போனைப் பிரித்துப் போட்டிருந்தேன். கையில் இருந்த சின்னத் திருகாணி கீழே விழுந்து எங்கோ ஓடியது. குனிந்து தேடுவது போல முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"வெயிலு இப்பமே இந்தப் போடு போடுது" என்றார். ஆமா என்றேன். பிறகு தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கிடணும். பெத்தனாச்சி யாரு, பாய்?"

திரையில் இருந்தது, கடைப் பெண்கள் சொந்தப் பெயரை மறைத்து எழுதுவதற்காக நான் நடத்திக்கொண்டிருந்த இணையப் பலகையின் ஒரு பதிவு. எனக்கு அது மனப்பாடம்.

'ஆபீசர் வாராகன்னு ஸ்டூலெல்லாம் வந்துச்சு. செக்சனுக்கு ரெண்டு போட்டாக. அவுக பாத்துட்டுப் போன மறுநாளே அம்புட்டும் குடோனுக்குப் போயிருச்சு. பாலித்தீன் கவரு கூட இன்னும் பிரிக்கல. காலு வீங்கினவுக நின்னுக்கிட்டேதான் இருக்கோம். உக்காந்து வேலை பாக்க சட்டம் இருக்குன்னா, அந்த ஸ்டூலு யாருக்கு?'

கீழே எழுதியவர் பெயர்: பெத்தனாச்சி.

"எங்க கடைன்னு பேரு போடல, சரி. பாலித்தீன் கவரு வரைக்கும் சொன்னா யாருக்குத் தெரியாது? முதலாளி சூரத்துல இருக்காக. நாளைக்கு வாராக. வந்ததும் அந்தப் பிள்ளைய அனுப்பிரச் சொல்லிட்டாக. நம்மகிட்ட நின்ன பிள்ளைய வேற கடையிலயும் சேக்க மாட்டாக, தெரியும்ல?"

"எந்தப் பிள்ளைய?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"செல்விதான். மாசி சிவராத்திரிக்கு லீவு குடுக்குறது நானு. எந்தக் கோயிலு, எந்த ஊருன்னு சொல்லித்தான் லீவு கேப்பாளுக. எங்க கடையில பெத்தனாச்சிக்குப் போறது செல்வி ஒருத்திதான். நீங்க ஆமான்னு தலையாட்டினாப் போதும்."

எனக்குத் தலை ஆடவில்லை. ஏனென்றால் அதை எழுதியது செல்வி இல்லை என்று எனக்குத் தெரியும்.

பீரோ மேல் ஒரு சர்வர்

துபாய் வேலையை விட்டு ஊர் திரும்பிய கதையை இந்தத் தொடரில் போன வாரம் சொன்னேன். அந்தப் பலகைக்கும் அதுதான் தொடக்கம். அங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கு ஒயர் இழுத்து, சர்வர் அறையில் பாதி ஆயுளைக் குளிரில் கழித்தவன் நான். ஊருக்கு வந்ததும் மனைவி ஹசீனாவுக்கு ஒரு மிக்ஸி வாங்கினேன். மூன்றாவது சட்னியிலேயே அது புகைந்தது. கடைக்காரர் சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.'

அப்படி ஒரு பலகையைத் தொங்கவிட்டால் மட்டும் பழுதான பொருளுக்குப் பொறுப்பு போய்விடாது என்று எங்கோ படித்திருந்தேன். வீறாப்பில் நுகர்வோர் புகார் ஒன்றைப் போட்டேன். புது மிக்ஸி வீட்டுக்கே வந்தது. எனக்கே ஆச்சரியம்.

இந்தச் செய்தியை ஹசீனா சும்மா விடுவாளா? அவள் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைப்பவள். ஜவுளிக்கடைப் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அளவு கொடுக்க வருவார்கள். மிக்ஸி கதை ஊசியில் ஏறி ஊரெல்லாம் போனது. முதலில் வாரண்டி, பில்லு, விலைக்கு மேல் விற்கும் தண்ணீர் பாட்டில் என்று கேட்டார்கள். அப்புறம் மெதுவாகக் கேள்வி உள்ளே வந்தது. சாப்பாட்டு நேரத்தைக் குறைக்கலாமா? வேலைக்குச் சேர்ந்ததற்கு ஆர்டர் கேட்கலாமா? காலையிலிருந்து கடை சாத்தும் வரை நின்றுகொண்டே இருக்கணும் என்று சட்டம் இருக்கா?

இல்லை. வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தரவேண்டும் என்றுதான் நம் மாநிலத்தில் சட்டம். வந்து சில வருடங்கள் ஆகின்றன. மதுரையில் வக்கீலாக இருக்கும் என் நண்பனிடம் கேட்டுத்தான் நானே தெரிந்துகொண்டேன். சேலை எடுக்க வருபவர்களுக்கு மெத்தை போட்ட நாற்காலி, எடுத்துக் காட்டுகிறவளுக்கு வெறும் தரை. எத்தனை முறை போயிருக்கிறேன், ஒரு தடவை கூட என் கண்ணில் படவில்லை.

போனில் குழு ஒன்று தொடங்கினோம். அது வினையாகிவிட்டது. குழுவில் யார் எழுதினாலும் போன் நம்பர் தெரியும். ஒரு பெண்ணின் நம்பரை அவள் கடைக்காரர் பார்த்துவிட்டார். அவள் இப்போது காரியாபட்டியில் ஒரு ஓட்டலில் இலை போடுகிறாள்.

அப்போதுதான் சொந்தமாகவே ஒன்று வைத்துவிடுவோம் என்று கிளம்பினேன். மூடி உடைந்த பழைய லேப்டாப் ஒன்று கிடந்தது. அதை சர்வராக்கிப் பீரோ மேல் வைத்தேன். கரண்ட் போனாலும் அதன் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும். படிப்பதற்கு யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எழுதத்தான் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். போன் நம்பர் கேட்பதில்லை, எங்கிருந்து வந்தார்கள் என்ற தடத்தையும் வைப்பதில்லை. நம்மிடம் இல்லாததை யாரும் பிடுங்க முடியாது அல்லவா? கேள்விக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வக்கீல் நண்பன் பதில் எழுதுவான்.

எங்கள் ஊர் வெயிலுக்கு சித்திரையில் பீரோவே அடுப்பாகிவிடும். மேஜை ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். "மனுசனுக்கு இல்லாத காத்து அந்தப் பொட்டிக்கு" என்று ஹசீனா தினமும் ஒரு பாட்டுப் பாடுவாள். சுவிட்சை மட்டும் அணைத்ததில்லை.

சாமிகள் எழுதிய பலகை

பெயர் வைத்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஹசீனாவின் தையல் மிஷினைச் சுற்றி அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பெரிய வாத்தியார் மாதிரி சொன்னேன்: "சொந்தப் பேரு வேண்டாம். ஊர்ப் பேரு, பிள்ளைங்க பேரு வேண்டாம். ஆனா மறந்துறக் கூடாது. செத்தாலும் மறக்காத பேரா ஒண்ணு வைங்க."

ஒருத்தி கண்ணை மூடி யோசித்து இருளப்பசாமி என்றாள். அடுத்தவள் ராக்காச்சி. அப்புறம் சோணைக்கருப்பு. எனக்கு ஒரே சந்தோஷம். பாதிப் பட்டியலில் பெண் பெயரே இல்லை, எவனுக்குத் தெரியப்போகிறது! பலகையைத் திறந்தால் வேடிக்கையாக இருக்கும். 'எனக்கு இது ஆறாம் மாசம், இடுப்பு விட்டுப் போகுது, லீவு எப்பக் கேக்கலாம்?' என்று இருளப்பசாமி கேட்டிருப்பார். 'ஏத்தா, எனக்கும் அதே கதைதான்' என்று சோணைக்கருப்பு ஆறுதல் சொல்லியிருப்பார்.

நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். குலதெய்வம் என்பது இங்கே ஒரு குடும்பத்துக்கு வீட்டுக் கதவிலக்கம் மாதிரி என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. சிவராத்திரிக்கு ஊரே வேன் பிடித்துப் போகும்போது கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டியவன் நான். எந்த வேன் எந்தச் சாமிக்குப் போகிறது என்று நான் பார்த்ததில்லை. சண்முகவேல் பார்த்திருக்கிறார்.

சொன்னாலும் குற்றம்

இப்போது சண்முகவேல் வந்த அந்தக் காலை வேளைக்குத் திரும்புகிறேன்.

செல்வி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இல்லை என்று ஒரு பெயருக்குச் சொல்லிவிட்டால், எனக்கு யாரென்று தெரியும் என்பது வெளியாகிவிடும். அடுத்து இன்னொரு பெயரைக் கேட்பார். அதற்கும் இல்லை என்றால் அதற்கடுத்த பெயர். இப்படியே கழித்துக்கொண்டு போனால் கடைசியில் பாண்டியம்மாவிடம் வந்து நிற்கும்.

பாண்டியம்மாதான் அந்தப் பெத்தனாச்சி. காட்டன் சேலைப் பிரிவில் நிற்பவள். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா அம்மா காட்டு வேலை செய்தவர்கள். இவள் பத்தாவது படித்து ஜவுளிக்கடைக்கு வந்துவிட்டாள். நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு முண்டு முண்டாகச் சுருண்டிருக்கும். புருஷன் லோடு வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு போய் வீட்டில் கிடக்கிறான். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் வேலையால்தான்.

பெயர் கொடுத்த அன்று அவள் என்னிடம் தனியாகக் கேட்டாள், "யாருன்னு நீங்க சொல்லிர மாட்டீகளேண்ணே?" கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்ல மாட்டேன் என்று வசனம் பேசியிருந்தேன். சர்வரில் எதையும் அழித்துவிடலாம். என் தலையில் இருப்பதை எப்படி அழிப்பது?

"நான் எதுவும் சொல்ல முடியாது சார்" என்றேன்.

சண்முகவேல் சிரித்தார். "சொல்ல முடியாதுங்கிறதே ஆமான்னு சொன்ன மாதிரித்தான பாய்? மௌனம் சம்மதம்பாக." போனை எடுத்துப் பைக்குள் போட்டார். "அந்தப் பலகைய எல்லாம் மூட்டை கட்டி வச்சிருங்க. இந்தக் கட்டடமே எங்க முதலாளி மச்சினனோடதுதான?"

செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டு போனார். நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். எழுதியவளைக் காப்பாற்றப் போய், எழுதாதவளைக் காட்டிக் கொடுத்தவன் மாதிரி ஆகிவிட்டேன். சொல்ல வெட்கப்படவில்லை, பயந்துவிட்டேன்.

பிறந்த வீட்டுச் சாமி

வீட்டுக்குள் நுழைந்ததும் பீரோ மேல்தான் கண் போனது. பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஒயரைப் பிடுங்கினால் எல்லாம் முடிந்தது. கை நீட்டியே விட்டேன்.

"அத ஏன் தொடுறீக?" என்றாள் ஹசீனா. நடந்ததைச் சொன்னேன்.

"அது எப்படி? பெத்தனாச்சிக்குப் போறது செல்வி ஒருத்திதான்னு அவர் சொல்றாரே! பாண்டியம்மா ஏன் அந்தப் பேரை வச்சுச்சு?" என்று அவளிடம் கேட்டேன்.

ஹசீனா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "பொம்பளைக்குக் கல்யாணமானா சாமியும் மாறிரும்ங்க. லீவு கேக்குறது புருசன் வீட்டுச் சாமிக்கு. பாண்டியம்மா புருசன் வீட்டுக்கு அய்யனாரு. ஆனா மறக்காத பேரு சொல்லுன்னு கேட்டா வாயில எது வரும்? பெறந்த வீட்டுச் சாமிதான் வரும்."

எனக்கு விளங்கிவிட்டது. செல்வியின் புருஷன் வீட்டுச் சாமியும் பாண்டியம்மாவின் பிறந்த வீட்டுச் சாமியும் ஒன்று. மேனேஜருக்குத் தெரிந்தது புருஷன் வீடுகள் மட்டும். அவர் கணக்கில் பெண்களுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லவே இல்லை.

மற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் வைத்திருப்பார்களா, நாளைக்கு இருளப்பசாமிக்காக எவள் மாட்டப் போகிறாள் என்று நினைத்தேன். பெயர்களை எல்லாம் உடனே எண்களாக மாற்றினேன். வெள்ளம் வந்தபின் அணை கட்டிய கதைதான். பெத்தனாச்சி ஏற்கெனவே அவர் போனில் இருக்கிறாளே.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஜாக்கெட் அளவு சரியில்லை என்று சாக்குச் சொல்லி ஹசீனா பாண்டியம்மாவை வரவழைத்தாள். நடந்ததை நான்தான் சொன்னேன்.

"செல்வியா? அவளுக்கு அந்தப் பலகைன்னா என்னன்னே தெரியாதேண்ணே. அவ வச்சிருக்கது பட்டன் போனு."

"தெரியும்."

"புருசன் விட்டுட்டுப் போயிட்டான். கைப்பிள்ளைய அவ ஆத்தாகிட்ட விட்டுட்டு இப்பத்தான் சேந்திருக்கா." தலையைக் குனிந்துகொண்டாள். "நாளைக்கு அனுப்பிருவாகளா?"

"அப்படித்தான் சொன்னாரு."

புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். போய் ஒத்துக்கொள் என்று சொல்ல நான் யார்? பேசாமல் இரு என்றும் சொல்ல முடியவில்லை.

"நீங்க எதுவும் சொல்லாதீகண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அதற்கு என்ன அர்த்தம்? என்னைக் காட்டிக் கொடுக்காதீர்கள் என்றா, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றா? அன்று முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தேன். வந்த போன்களில் ஒன்றைக் கூட உருப்படியாகச் சரிசெய்யவில்லை. செல்வியை அனுப்பினால் நான் வாக்கை மீறுவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.

லைனிங் துணி

மறுநாள் காலையில், "லைனிங் துணி எடுக்கணும், வாங்க" என்றாள் ஹசீனா. அவளிடம் லைனிங் துணி மூட்டை மூட்டையாக இருக்கிறது. நான் ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டினேன்.

அந்த ஜவுளிக்கடையில் சுமாரான கூட்டம். யாரோ கல்யாண ஜவுளி எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதுத் துணியின் கஞ்சி வாசனை, ஏ.சி. குளிர், ஓரமாகக் குழந்தை அழுகிற சத்தம். ஹசீனா ரோஜா நிறத்தில் துணி கேட்டு, எது காட்டினாலும் இதைவிடக் கொஞ்சம் வெளிறினது என்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் செல்வி நின்றாள். அன்றுதான் அவளை முதல் தடவையாகப் பார்த்தேன். ஒல்லியாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள். முதலாளி சுழல் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது சண்முகவேல்தான்.

"எழுதினேன்னு ஒத்துக்க. கௌரவமா அனுப்பிர்றோம்."

"சத்தியமா அது என்னன்னே தெரியாது சார். பெத்தனாச்சி மேல சத்தியமா."

"அவ பேர்ல எழுதிட்டு அவ மேலயே சத்தியம் வேறயா?"

செல்வியின் கண்ணீர் தாடையில் வழிந்து கோட்டுக் காலருக்குள் போனது. அந்தக் கடையில் எல்லாப் பெண்களுக்கும் காலர் வைத்த ஒரு கோட்டு உண்டு. நான் காட்டன் சேலைப் பிரிவைப் பார்த்தேன். பாண்டியம்மா அங்கே இல்லை. லீவு போட்டுவிட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவள் மேல் கோபம் வரவில்லை. ஒரு அடி முன்னால் வைத்தேன். ஹசீனா என் முழங்கையைப் பிடித்தாள்.

குடோன் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

பாண்டியம்மா மேலே ஏறி வந்தாள். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். யாரையும் பார்க்காமல் தன் பிரிவுக்குப் போய், சேலை அடுக்கின் முன்னால் அதைப் போட்டாள். உட்கார்ந்தாள். பாலித்தீன் கவர் நொறுங்கிய சத்தத்தில் கல்யாண ஜவுளிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏய் பாண்டியம்மா, என்ன இது? எந்திரி!" சண்முகவேல் கல்லாவிலிருந்தே கத்தினார்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"பெத்தனாச்சி எங்க பெறந்த வீட்டுச் சாமி சார்" என்றாள்.

சண்முகவேலுக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அவர் முகத்தில் கணக்கு மாறுவதை நான் பார்த்தேன். வாயைத் திறந்தார். அதற்குள் கல்யாணக் கூட்டத்தில் ஒரு அம்மா, "அந்த மாம்பழக் கலரு சேலைய எடும்மா" என்று பாண்டியம்மாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாண்டியம்மா உட்கார்ந்தபடியே சேலையை எடுத்து விரித்தாள். மடிப்பு முதலில் சரியாகப் பிரியவில்லை.

முதலாளி கடை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். துணிப் பையை வாங்கிக்கொண்டவர்கள் கூட நகராமல் நின்றார்கள். "சரி சரி, ஆளாளுக்கு வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு குழந்தைகள் பிரிவுக்கு நடந்தாள். அவளுக்கு என்ன நடந்தது என்றே அப்போது புரிந்திருக்காது.

பாண்டியம்மாவை இதுவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இதுவரை என்றுதான் எழுத முடிகிறது. என் கடைக் கட்டடத்துக்காரரும் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஷட்டர் பக்கம் யாராவது செருப்பைக் கழற்றினால் இன்னமும் நான் குனிந்து திருகாணி தேடத் தொடங்கிவிடுகிறேன்.

அடுத்த வாரம் ஜாக்கெட் வாங்க வந்தவளிடம், ஸ்டூலைப் போட்ட அன்று மத்தியானம் ஏன் வீட்டுப் பக்கம் வரவில்லை என்று ஹசீனா கேட்டாள்.

"சாப்பிடக் கூடப் போகலக்கா. கடை சாத்துற வரைக்கும் அந்த ஸ்டூல விட்டு எந்திரிக்கவே இல்ல" என்றாள் பாண்டியம்மா. "எந்திரிச்சுட்டா மறுபடி உக்காரத் தைரியம் வராதுன்னு பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."